ஓவனில் பன்றிக்கறி: சாறு வற்றாமல் ரோஸ்ட் செய்ய

கறிக்கடையில் தோலும் கொழுப்பும் உள்ள முன்தொடையாக, துண்டு போடாமல் ஒன்றரை கிலோ கேட்டு வாங்குங்கள். கொழுப்பில்லாத முதுகுக்கறி நெடுநேரச் சூட்டில் சக்கையாகிவிடும்.

தோலை மட்டும் கோடு கோடாகக் கீறுங்கள். கத்தி சதையில் இறங்கினால் சாறு மேலே கொப்பளித்து, தோல் மொறுமொறுப்பாகாது. 20 கிராம் உப்பு தடவி, சதைப்பக்கம் மட்டும் மிளகுத்தூளும் பூண்டு விழுதும் தேய்த்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். வேலூர் வெயிலுக்கு வெளியே ஊறவைக்கவே கூடாது, கெட்டுவிடும்.

மறுநாள் ட்ரேயில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, ஃபாயிலால் இறுக மூடி, 150 டிகிரியில் மூன்று மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், சூடு நிற்கட்டும். கறியின் நடுப்பகுதி 70 டிகிரி வந்தாலே வெந்துவிடும். ஆனால் ரப்பர் மாதிரி இழுக்கும். 90ஐத் தாண்டினால்தான் சவ்வு கரைந்து பஞ்சாகும். சமையல் தெர்மாமீட்டர் முனை எலும்பில் பட்டால் கணக்கு தப்பும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் முள்கரண்டியைக் குத்தித் திருகுங்கள், நார் தானாகப் பிரிய வேண்டும்.

பிறகு ஃபாயிலை எடுத்து, தோலை ஒற்றித் துடைத்து, 220 டிகிரியில் 20 நிமிடம். ஓடிஜி மாதிரி சின்ன ஓவனில் மேல்கம்பி கிட்டத்தில் இருக்கும், கீழ்த்தட்டில் வையுங்கள். எடுத்ததும் வெட்டாமல் 20 நிமிடம் விடுங்கள். அவசரப்பட்டால் சாறெல்லாம் பலகைக்குப் போய்விடும்.