"பிளாக் இல்லை" என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமல்ல

துக்க வீடு. கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "மூச்சு முட்டுது" என்கிறார். "நேத்திலிருந்து சாப்பிடல, அழுது அழுது களைச்சுப் போச்சு" என்று யாரோ சோடா வாங்க ஓடுகிறார்கள். முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது.

அதிர்ச்சியில் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ஒரேயடியாகப் பெருகும்போது, சிலருக்கு இதயத் தசை தற்காலிகமாகச் செயலிழக்கும். எக்கோ என்ற இதய ஸ்கேன் திரையில் பார்த்தால் இடது கீழறையின் மேல்பகுதி இறுகி இறுகித் துடிக்கும். நுனி மட்டும் அசையாமல் பலூன் போல உப்பி நிற்கும். ஜப்பான் மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கப் போடும் குறுகிய கழுத்துப் பானையும் இதே வடிவம்தான். அதனால் 1990-இல் அந்நாட்டு மருத்துவர்கள் அந்தப் பானையின் பெயரையே, டகோட்சுபோ என்று, இதற்கு வைத்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள்.

வலி, ஈசிஜி, இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எல்லாமே மாரடைப்பு போலவே இருக்கும். இதய ரத்தக் குழாயில் அடைப்பு (பிளாக்) இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோ செய்யாமல் பிரித்துச் சொல்வது மருத்துவருக்கே கடினம். அதனால் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சட்டைப்பையில் வைத்திருக்கும், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். சிலருக்கு மேல்பகுதி இறுகுகிற இறுக்கத்தில் ரத்தம் வெளியேறும் பாதையே நெரிபடும். அப்போது அந்த மாத்திரை பிரஷரை இன்னும் கீழே தள்ளிவிடும். நீர் பிரியும் மருந்தும், இதயத்தை முடுக்கிவிடும் டோபுட்டமின் போன்ற ஊசியும்கூட அந்த நிலையில் கெடுதல்தான். எக்கோவில் இதைப் பார்த்துவிட்டு மருந்தை முடிவு செய்ய வேண்டும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது அடுத்த தவறு. ஆஞ்சியோவில் "பிளாக் இல்லை" என்றதும், வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது போல இருக்கும். "அப்போ கூட்டிட்டுப் போலாமா?" என்பார்கள். ஆனால் முதல் சில நாட்கள்தான் ஆபத்தானவை. நுரையீரலில் நீர் கோக்கலாம், துடிப்பு தாறுமாறாகலாம், அசையாத நுனியில் ரத்தம் உறையலாம். மருத்துவமனையிலேயே நூற்றுக்கு நான்கைந்து பேர் இறக்கிறார்கள். கண்காணிப்பில் இருக்கச் சொன்னால் இருங்கள்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தசை தேறிவிடும். ஆனால் தெம்பு வந்துவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. மறு எக்கோ பார்த்து மருத்துவர் சொல்லட்டும். அதுவரை சளி, காய்ச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு அசித்ரோமைசின் வாங்கிப் போடுவதும் வேண்டாம். துடிப்புக் கோளாறை அது அதிகமாக்கலாம்.

அப்புறம், "மனசுல தைரியம் இல்ல, அதான்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2004-இல் ஜப்பானின் நிகாட்டாவில் நிலநடுக்கம் வந்தபோது இந்த நோயாளிகள் திடீரெனக் கூடினார்கள். அறுவை சிகிச்சை, கடும் ஆஸ்துமா, பக்கவாதம் போன்ற உடல் காரணங்களாலும் வருகிறது. பெரிய சந்தோஷத்திலும் வந்திருக்கிறது. கணிசமானோருக்குக் காரணமே தெரிவதில்லை. அழாதே என்று அடக்குவதைவிட, அந்த அம்மாவின் கூடவே சில இரவுகள் யாராவது படுத்துக்கொள்வது மேல்.

மறுபடி வராமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியையும் பழைய ஈசிஜியையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். திரும்ப நெஞ்சு வலித்தால் "போன தடவை மாதிரிதான்" என்று காத்திருக்காதீர்கள். இந்த முறை அது உண்மையான அடைப்பாகவும் இருக்கலாம்.