பழைய பேக்கப் சாப்ட்வேரா புதுசா, எது வேகம்னு நீங்களே டெஸ்ட் பண்ணி பாக்கது எப்படி

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் ஸ்டுடியோ வச்சிருக்கவங்களும் கணக்கு ஆபீஸ் நடத்துறவங்களும் இப்பம் அடிக்கடி கேக்கது, பேக்கப் சாப்ட்வேர புது வெர்ஷனுக்கு மாத்துனா வேகம் கூடுமான்னு. மேக்ரியம் ரிப்ளெக்ட்ங்குற பேக்கப் சாப்ட்வேரோட ஃப்ரீ எடிஷனுக்கு 2024 ஜனவரியோட செக்யூரிட்டி அப்டேட் நின்னு போச்சு, விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, அதனால நெறைய பேருக்கு மாத்தித்தான் ஆகணும்னு இருக்கு. மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கி அளந்து பாத்துருங்க. ஸ்க்ரீன்ல சாப்ட்வேர் காட்டுற எம்பி கணக்க மட்டும் நம்பாதீங்க, சில சாப்ட்வேர் காலியா கெடக்குற இடத்த தாண்டிப் போறதையும் காப்பி பண்ணுன கணக்குல சேத்துரும்.

முதல்ல உங்க டிஸ்க் என்ன வேகம் தாங்கும்னு தெரியணும். எக்ஸ்டர்னல் டிஸ்க்க எந்த போர்ட்ல குத்திருக்கீங்கன்னு குனிஞ்சு பாருங்க, உள்ள நீலக் கலர் நாக்கு இருந்தா பெரும்பாலும் யுஎஸ்பி 3, கருப்பா இருந்தா அனேகமா யுஎஸ்பி 2. கேபினெட் முன்பக்கம் கைக்கு வசதியா இருக்கேன்னு கருப்புல குத்திட்டு சாப்ட்வேர கொற சொல்லுறவங்க உண்டு. யுஎஸ்பி 2 பேப்பர்ல 480 மெகாபிட், கைக்கு வரது செகண்டுக்கு 30லேர்ந்து 40 எம்பி தான், அதுல எந்த வெர்ஷன் போட்டாலும் ஒண்ணு போலத்தான் ஓடும். போர்ட் சரின்னா ஒரு பெரிய கல்யாண வீடியோ ஃபைல அந்த டிஸ்க்குக்கு சும்மா காப்பி பண்ணி நேரம் பாருங்க, கிட்டத்தட்ட அதுதான் உங்க உச்ச வேகம், டேட்டாவ சுருக்குற கம்ப்ரஷன் நல்லா கைகொடுத்தா மட்டும் அதுக்கு மேல போகும்.

அடுத்தது செட்டிங்ஸ், இதுலதான் முக்காவாசி பேரு ஏமாறுறாங்க. புது வெர்ஷன் போட்டதும் கம்ப்ரஷன் லெவல், வெரிஃபை, பாஸ்வேர்ட் என்க்ரிப்ஷன் எல்லாம் அது இஷ்டத்துக்கு வேற மாதிரி செட் ஆகியிருக்கலாம், பழசுல வெரிஃபை ஆஃப்ல இருந்து புதுசுல ஆன்ல இருந்தா எழுதுனத திரும்ப ஒரு தடவ படிக்கும், நேரம் இழுக்கத்தான் செய்யும், அது புதுசோட குத்தம் இல்ல. ரெண்டுலயும் ஒரே பார்ட்டிஷன், ஒரே ஆப்ஷன் வைங்க. ஜேபெக், எம்பி4 எல்லாம் ஏற்கனவே சுருங்குன சரக்கு, அதுக்கு ஹை கம்ப்ரஷன் போட்டா சிபியு தான் வேகும், சைஸ் கொறையாது. கணக்கு டேட்டா, டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி சமாச்சாரம் நல்லா சுருங்கும்.

ரெண்டு வெர்ஷனையும் ஒரே நேரத்துல இன்ஸ்டால் பண்ணி வைக்காதீங்க, ரெண்டும் டிஸ்க் டிரைவர் மட்டத்துல வேலை செய்யுறதால மோதிக்கிடலாம். பழசுல எல்லா டெஸ்டும் முடிச்சு, அன்இன்ஸ்டால் பண்ணி, ரீஸ்டார்ட் குடுத்து, அப்புறம் புதுச போடுங்க. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாடியும் ரீஸ்டார்ட் வேணும், ஏன்னா முதல் தடவ படிச்ச ஃபைல விண்டோஸ் மெமரில வச்சுக்கிடும், ரெண்டாவதா ஓடுறது சும்மாவே வேகமா தெரியும். எழுதுற டிஸ்க்கும் அதே டிஸ்க்கா இருக்கணும், முந்தின டெஸ்ட் இமேஜ (பேக்கப் எடுத்து சேத்து வைக்குற ஃபைல்) அழிச்சிட்டு ஓட்டுங்க, சுத்துற ஹார்ட் டிஸ்க் நெறைய நெறைய உள்வட்டத்துக்குப் போய் வேகம் கொறையும். உங்க அசல் பேக்கப் மட்டும் வேற டிஸ்க்ல பத்திரமா இருக்கட்டும். லேப்டாப்னா சார்ஜர் குத்தியே ஓட்டுங்க, பேட்டரில போனா வேகத்த கொறைச்சுக்கிடும். ஆனி ஆடி மழைல கரண்ட் எப்பம் போகும்னு சொல்ல முடியாது, யுபிஎஸ் இல்லாம டெஸ்க்டாப்ல தொடங்காதீங்க. மூணு தடவ ஓட்டி நடுவுல உள்ள நேரத்த எடுத்துக்கோங்க.

கணக்கு இப்படி போடணும்: 200 ஜிபி டேட்டா 40 நிமிஷத்துல முடிஞ்சா, 2,04,800 எம்பிய 2,400 செகண்டால வகுத்தா செகண்டுக்கு சுமார் 85 எம்பி. கடைசில வந்த இமேஜ் சைஸையும் பக்கத்துல எழுதுங்க, வேகமா முடிச்சு ரெண்டு மடங்கு இடம் தின்னா அதுல என்ன லாபம்.

இன்கிரிமெண்டல், அதாவது போன பேக்கப்புக்கு அப்புறம் மாறுனத மட்டும் எடுக்குறது, அத தனியா பாக்கணும், தினமும் ஓடப்போறது அதுதான். ஒரு 5 ஜிபி ஃபோல்டர எடுத்து வச்சு, ஃபுல் பேக்கப் முடிஞ்சதும் அத உள்ள போட்டு இன்கிரிமெண்டல் ஓட்டுங்க, ரெண்டு வெர்ஷனுக்கும் அதே ஃபோல்டர். புது வெர்ஷன்கள்ல நெறைய, டிஸ்க்ல மாறுன துண்டுகள (பிளாக்) மட்டும் குறிச்சு வச்சுக்கிடும், முழு டிஸ்க்கையும் தேடாது, பெரிய வித்தியாசம் தெரிஞ்சா இங்கதான் தெரியும். அப்கிரேட் பண்ணுன உடனே வர முதல் பேக்கப் ஃபுல்லா ஓடலாம், அத கணக்குல எடுக்காதீங்க.

ரீஸ்டோர் நேரத்த அளக்காம முடிவு பண்ணவே கூடாது, ஸ்டுடியோல டிஸ்க் செத்து கஸ்டமர் ஆல்பம் கேட்டு நிக்கும்போது அந்த நேரம்தான் வேணும். ஒரு காலி டிஸ்க்ல முழு இமேஜையும் எறக்கி பூட் ஆகுதான்னு பாருங்க, நாலஞ்சு ஃபைல திறந்தும் பாருங்க. பழைய இமேஜ் புது வெர்ஷன்ல திறக்குதான்னும் இதோட சேத்து பாத்துருங்க. திறக்கலன்னா பழைய வெர்ஷனோட ரெஸ்க்யூ பென்டிரைவ (விண்டோஸ் இல்லாமலே பூட் பண்ணி ரீஸ்டோர் பண்ணுறது) அழிக்காம, மேல பேரும் வெர்ஷன் நம்பரும் எழுதி ஒட்டி, அந்த இமேஜ் இருக்குற டிஸ்க்கோடயே வைங்க.