ஸ்பாம் ஃபில்டரைப் பழக்கும்போது நேரம் எங்கே போகிறது?

ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பாம் ஃபில்டருக்கு மடல்களைக் காட்டிப் பழக்க உட்கார்ந்தால், சில சர்வர்களில் ராத்திரி முழுக்க ஓடுகிறது. உடனே ராம் போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் நேரத்தைத் தின்பது படிப்பு இல்லை. படிக்கத் தயாராவதும், படித்ததை எழுதி வைப்பதும்தான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, லூப் எழுதி ஒவ்வொரு மடலுக்கும், ஃபில்டரைப் பழக்கும் எஸ்ஏ-லேர்ன் கட்டளையைத் தனித்தனியாக ஓட்டுவது. அது பெர்ல் மொழியில் எழுதிய நிரல். ஒவ்வொரு முறையும் பெர்ல் தொடங்கி, மாட்யூல்களை ஏற்றி, விதிக்கோப்புகளைப் படித்து, படித்ததைச் சேமிக்கும் டேட்டாபேஸைப் பூட்டி, அப்புறம்தான் மடலைத் தொடும். இந்த முன்வேலைக்கு ஒரு நொடி என்று வைத்தாலும், 10,000 மடல்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் அதிலேயே போய்விடும். மடல்கள் இருக்கும் ஃபோல்டரை அப்படியே ஒரே தடவையில் கொடுத்துவிடுங்கள். பல மடல்களை ஒன்றாக வைத்திருக்கும் எம்பாக்ஸ் கோப்பு என்றால் அதற்கான எம்பாக்ஸ் ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். மறந்தால் மொத்தக் கோப்பையும் ஒரே மடல் என்று எடுத்துக்கொள்ளும்.

டவ்காட் என்ற மெயில் சர்வரில் பயனர் மடலை ஸ்பாம் ஃபோல்டருக்கு நகர்த்தும்போதெல்லாம் எஸ்ஏ-லேர்ன் ஓடும்படி வைப்பதும் இதே தவறுதான். அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாம்டி-யிடம் (ஸ்பாம்அசாசினின் பின்னணி நிரல்) ஸ்பாம்சி (அதோடு பேசும் சிறு நிரல்) வழியாக அனுப்பலாம். ஸ்பாம்டி-யில், இப்படிப் பழக்க அனுமதிக்கும் அலவ்-டெல் ஆப்ஷன் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பல ஃபோல்டர்களா? ஒவ்வொன்றுக்கும், படித்ததை உடனே டேட்டாபேஸில் சேர்க்காத நோ-சிங்க் ஆப்ஷனைக் கொடுத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் சேர்க்க ஒரே ஒரு சிங்க் போதும்.

அடுத்தது, பழைய டோக்கன்களை, அதாவது மடல்களிலிருந்து எடுத்து வைத்த சொல் துண்டுகளை, கழிக்கும் வேலை. டேட்டாபேஸில் டோக்கன்கள் 1,50,000-ஐத் தாண்டினால், இயல்பான அமைப்பில் ஸ்பாம்அசாசின் தானே கழிக்கப் பார்க்கும். அதற்காக டேட்டாபேஸ் முழுவதையும் துழாவ வேண்டும். பரபரப்பான நேரத்தில் அது தொடங்கினால் மற்ற வேலைகள் பூட்டுக்காகக் காத்து நிற்கும். தானியங்கிக் கழிப்பை நிறுத்திவிட்டு, இரவில் கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் நிரல்) மூலம், கழிப்பைச் செய்யும் ஃபோர்ஸ்-எக்ஸ்பயர் ஆப்ஷனோடு எஸ்ஏ-லேர்னை ஓட்டலாம். நிறுத்தியவர்கள் பலர் கிரானை மறந்துவிடுகிறார்கள். டேட்டாபேஸ் வீங்கி, வேகம் இன்னும் கெடுகிறது.

டேட்டாபேஸைப் பூட்டும் முறையும் கவனிக்க வேண்டியது. இயல்பாக இருப்பது என்எஃப்எஸ்-க்கு (நெட்வொர்க் வழியே பகிரும் டிஸ்க்) பாதுகாப்பான, ஆனால் மெதுவான முறை. டேட்டாபேஸ் அதே சர்வரின் டிஸ்கில் இருந்தால் எஃப்லாக் என்ற பூட்டு முறை வேகமாக இருக்கும். என்எஃப்எஸ்-இல் இருந்தால் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

வேகத்துக்காக நல்ல மடல்களைக் குறைத்து, ஸ்பாமை மட்டும் காட்டுகிறவர்களும் உண்டு. இதை மட்டும் செய்யவே கூடாது. நல்ல மடல் எப்படி இருக்கும் என்று தெரியாத ஃபில்டர், யாரோ ஒருவருக்கு வந்த இன்டர்வியூ அழைப்பைக் குப்பையில் போட்டுவிடும். இயல்பான அமைப்பில் இரண்டு வகையிலும் குறைந்தது 200 மடல்கள் படித்த பிறகே பேயஸ் (படித்ததை வைத்துக் கணிக்கும் பகுதி) மதிப்பெண் போடத் தொடங்கும்.

சரி, எல்லாம் செய்து வேகமும் வந்துவிட்டது, ஆனால் ஸ்பாம் குறையவில்லையா? ரூட் (சர்வர் நிர்வாகி) பயனராகப் பழக்கியிருப்பீர்கள். படித்ததெல்லாம் ரூட்டின் டேட்டாபேஸில் இருக்கும். ஃபில்டர் வேறொரு பயனரின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஃபில்டர் ஓடும் அதே பயனராக எஸ்ஏ-லேர்னை டம்ப் மேஜிக் ஆப்ஷனோடு ஓட்டி, என்ஸ்பாம் (படித்த ஸ்பாம்), என்ஹாம் (படித்த நல்ல மடல்) எண்கள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.