விண்கல் மோதிப் பிறந்த நிலாக் கல்: படம் பார்த்துப் படிக்கும் முறை

நிலாவிலிருந்து வந்த ஒரு கல்லை நீங்களே படிக்க முடியும். மனிதர்கள் நிலாவுக்குப் போன அப்பல்லோ பயணங்களில் கொண்டுவந்த கற்களின் படங்களையும் வேதியியல் அளவுகளையும் நாசா இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. டிரேசிங் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1. கல் எண் 14321ஐத் தேடுங்கள். 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14இல் போன ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும் கோன் பள்ளத்துக்கு அருகே எடுத்த கல், ஏறத்தாழ 9 கிலோ, செல்லப்பெயர் பிக் பெர்த்தா. அறுத்த முகம் தெரிகிற படமாகப் பார்த்து அச்செடுங்கள்.

படி 2. படத்தின் மேல் பேப்பரை வைத்து, நிறம் மாறுகிற இடமெல்லாம் கோடு போடுங்கள். கொஞ்ச நேரத்திலேயே இது ஒரே கல் இல்லை என்று தெரிந்துவிடும். உடைந்த கான்கிரீட் துண்டில் ஜல்லியும் மணலும் சிமெண்டும் தெரியுமே, அதே மாதிரிதான்: விண்கல் மோதலில் நொறுங்கிய பாறைகள் அந்தச் சூட்டிலேயே ஒட்டி இறுகிப்போனவை. இதைப் பிரெச்சியா என்பார்கள். துண்டுகளின் ஓரம் பெரும்பாலும் கூழாங்கல் போல வழவழப்பாக இருக்காது, உருட்டித் தேய்க்க அங்கே ஆறு ஏது? கருமையான துண்டு ஒன்றை உற்றுப் பாருங்கள், அதற்குள்ளும் குட்டித் துண்டுகள் இருக்கும். அதாவது அது இன்னொரு பழைய மோதலில் உருவான பிரெச்சியா. எனக்கு இந்தக் கல்லில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

படி 3. அடுத்து நுண்ணோக்கிப் படங்கள். கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, சாதாரண ஒளியிலும் குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுகளுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிகளுக்கு) நடுவிலும் எடுத்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போலராய்டு படத்தில் சாம்பலும் வெள்ளையுமாய்க் கோடு போட்டது பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம். மஞ்சள், ஆரஞ்சு, நீலம் என்று பளிச்சிடுவது பெரும்பாலும் பைராக்சீன் அல்லது ஒலிவின் என்ற கனிமங்கள். இரண்டு படத்திலும் கருப்பாகவே இருப்பது பெரும்பாலும் இல்மனைட் என்ற இரும்பு-டைட்டானியம் கனிமம். சாதாரண ஒளியில் தெளிவாகத் தெரிந்து, போலராய்டில் கல்லை எப்படித் திருப்பி எடுத்த படத்திலும் இருண்டே கிடந்தால் அது கண்ணாடி. சில கற்களில் பிளேஜியோகிளேஸ் உருகாமலே, அதிர்ச்சியால் மட்டும் கண்ணாடியாகியிருக்கும். வடிவம் அப்படியே இருக்கும், படிக ஒழுங்கு போயிருக்கும். அதற்கு மாஸ்கெலினைட் என்று பெயர்.

படி 4. சரி, இப்போது வேதியியல் அளவுப் பட்டியல். அலுமினியம் ஆக்சைடு 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால், நிலாவின் வெளிர் மேட்டுநிலப் பாறையான அனார்த்தசைட் நிறையக் கலந்திருக்கிறது. (நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் இருக்கும் பாறையும் அனார்த்தசைட்தான், இஸ்ரோ அதைப் பொடித்துத்தான் சோதனைக்கு நிலா மண் செய்தது.) அப்பல்லோ 14 கற்களில் அலுமினியம் அதைவிடக் குறைவு, பொட்டாசியம், அருமண் தனிமங்கள், பாஸ்பரஸ் மூன்றும் கூடுதல். இந்தக் கூட்டணிக்குக் கிரீப் என்று பெயர்.

படி 5. மோதிய விண்கல் எங்கே போனது? பெரும்பாலும் ஆவியாகவும் உருகலாகவும் சிதறிவிடும், துண்டாகக் கிடைப்பது அபூர்வம். அதனால் இரிடியம் என்ற அரிய உலோகத்தின் அளவையும் நிக்கல் அளவையும் பாருங்கள். நிலாவின் மேலோட்டில் இரிடியம் மிகமிகக் குறைவு, விண்கற்களிலோ பல மடங்கு அதிகம். மோதலில் உருகிய பாறையில் அது கூடியிருந்தால், வந்து மோதியவன் விட்டுப்போன தடயம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: முழுக் கல்லின் சராசரி அளவை ஒரே பாறையின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது, துண்டு துண்டாகவே படிக்க வேண்டும். இதே 14321இல் ஏறத்தாழ 2 கிராம் எடையுள்ள, கிரானைட் போன்ற ஒரு துண்டு இருக்கிறது. அது பூமியில் உருவாகி, பழைய மோதல் ஒன்றில் எகிறி நிலாவுக்குப் போயிருக்கலாம் என்று 2019இல் ஒரு ஆய்வுக் குழு எழுதியது. நீங்கள் அடுத்துப் படிக்க வேண்டிய துண்டு அதுதான்.