கறுப்பு வெள்ளை நெகட்டிவில் நுரையை அரித்த தூசி நீக்கி

ஒகேனக்கல் அருவியின் பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை ஸ்கேன் செய்தபோது நுரையின் ஓரங்கள் திட்டுத்திட்டாகக் கரைந்து வந்தன. காரணம், ஸ்கேனரின் இன்ஃப்ராரெட் தூசி நீக்கி; அகச்சிவப்பு ஒளியை மறிப்பதையெல்லாம் தூசி என்று எடுத்து அழிக்கும் வசதி. கலர் ஃபிலிமின் சாயம் அகச்சிவப்பை ஊடுருவ விட்டுவிடும்; கறுப்பு வெள்ளையில் இருக்கும் வெள்ளி மறித்துவிடும். மென்பொருள் அதையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிடும். நெகட்டிவில் நுரைதான் அடர் கறுப்பு, அதனால் அங்கேதான் அடி.

தூசி நீக்கியை அணைத்துவிட்டு, நெகட்டிவை பிளோயரால் ஊதி, 3200 டிபிஐ, 16 பிட் கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்தேன். வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ லெவல் வேண்டாம், நுரை வெளுத்துப்போகும். மிச்சத் தூசியை 100% அளவில் வைத்து ஹீலிங் பிரஷ் என்ற ஒட்டுப்போடும் கருவியால் எடுத்தேன், வானத்தில்தான் பெரும்பாடு.

காப்பகத்துக்கு டிஃப் (TIFF) கோப்பு. தருமபுரி லேபுக்கு அதன் நகல்: 12×8 அங்குலம், 3600×2400 பிக்சல், 8 பிட் எஸ்ஆர்ஜிபி ஜேபெக். ஷார்ப்பன் செய்வது அளவைக் குறைத்த பிறகே. சி-41 என்ற கலர் ஃபிலிம் முறையில் கழுவி, வெள்ளிக்குப் பதில் சாயம் மிஞ்சும் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு மட்டும் தூசி நீக்கியைத் தாராளமாகப் போடலாம்.