நாலாம் படி நோட்டு: குத்துமதிப்பாக இல்லாமல் எண்ணி எழுதுவது எப்படி?

குடியை நிறுத்தி 7 மாதம் கழித்து நாலாம் படி எழுத உட்கார்ந்தேன். குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) குழுவின் 12 படிகளில் நாலாவது அது: கோபம், பயம், செய்த தப்பு எல்லாவற்றையும் நோட்டில் எழுதிப் பார்ப்பது. ஒரே ராத்திரியில் 11 பக்கம். எழுதி முடித்தபோது கண்ணெல்லாம் கலங்கி, பெரிய வேலை முடித்த மாதிரி இருந்தது. மறுநாள் என் ஸ்பான்சர் (எனக்கு முன்னாலேயே குடியை நிறுத்தி, படிகளில் எனக்கு வழிகாட்டுபவர்) அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு 2 பக்கம் படித்தார். "ஏ தம்பி, நல்லா ஜெபம் பண்ணியிருக்க. இனி எழுது" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். "மகா பாவி", "கெட்ட குமாரன்", "உளையான சேறு" எல்லாம் இருந்தது. ஒரு பாட்டில் இல்லை. ஒரு தேதி இல்லை, ஒரு ரூபாய் கணக்கு இல்லை. சண்டே ஸ்கூலில் இருந்து கேட்டு வளர்ந்த பாஷை, கை தானாக எழுதிவிட்டது. சபையில் எழுந்து இதை வாசித்திருந்தால் அல்லேலூயா சொல்லியிருப்பார்கள். என்ன செய்தேன் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அதைச் சரிசெய்ய எனக்கு 3 மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம் என்றுதான் இந்தப் பதிவு. 12 படி என்றால் என்ன, மீட்டிங் எப்படி நடக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன்: உடம்பு

இது குடியை நிறுத்திவிட்டவர்கள் செய்ய வேண்டியது. இன்னும் தினமும் குடிக்கிறீர்கள் என்றால் நோட்டு வாங்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். பல வருஷமாக தினமும் குடித்த உடம்பில் சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாளிலேயே கைநடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். உயிரே போகலாம். இப்படிப்பட்டவரை "விசுவாசம் இருந்தால் போதும்" என்று உபவாச ஜெபத்தில் உட்காரவைத்து நிறுத்தச்சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மாத்திரை போட்டுக்கொண்டே ஜெபிக்கலாம், கர்த்தர் கோபிக்க மாட்டார். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான இலவச எண்.

நோட்டு

192 பக்க நீள நோட்டு. பால்பாயின்ட் பேனா. பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும். போனில் எழுதவே எழுதாதீர்கள். பாதியில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டால் ஓடிவிடுவோம், நமக்கு ஓடுவதுதானே பழக்கம். எக்செல் ஷீட்டில் செய்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் அழகாகக் கலர் போட்டு வைத்திருந்தார், இன்னும் முடிக்கவில்லை.

நோட்டை வீட்டில் வைப்பதா என்பது தனிக் கேள்வி, கடைசியில் சொல்கிறேன்.

ஜெபம்: சுருக்கமாக

சங்கீதம் 139, வசனம் 23, 24. "தேவனே, என்னை ஆராய்ந்து" என்று தொடங்கும் அந்த இரண்டு வசனத்தை வாசியுங்கள். ஆமென். 5 நிமிஷத்துக்கு மேல் போனால் எழுதாமல் இருக்கத்தான் ஜெபிக்கிறீர்கள். நான் அப்படி ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன்.

பெயர்கள்

யார்மேல் கோபம், யாரைப் பார்த்தால் பயம், யாரிடம் முகம் கொடுக்க முடியவில்லை. வெறும் பெயர், ஒரு வரிக்கு ஒன்று. சின்ன வயசில் இருந்து தொடங்குங்கள். செத்துப்போனவர்களும் வரலாம். கர்த்தர் பெயரும் வரலாம். எனக்கு வந்தது, எழுதினேன். 40, 50 பெயர் சாதாரணம்.

5 கட்டம்

பக்கத்தை 5 கட்டமாகப் பிரித்துக் கோடு போடுங்கள். யார், என்ன நடந்தது, எனக்குள் என்ன செய்தது, அதனால் என்னென்ன கெட்டது, என் பங்கு என்ன. இந்த 5 கட்ட முறை செலிப்ரேட் ரிக்கவரியில் வருவது. கலிபோர்னியாவில் சாடில்பேக் சபையில் 1991-ல் தொடங்கிய கிறிஸ்தவ மீட்புக் குழு அது. மலைப்பிரசங்கத்தின் "பாக்கியவான்கள்" வசனங்களை வைத்து 8 கொள்கை வைத்திருக்கிறார்கள். நாலாவதுதான் இது: குற்றத்தை எனக்கும் கடவுளுக்கும் நம்பிக்கையான ஒருவருக்கும் திறந்து சொல்வது. "இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள்" வசனத்தை அதற்கு வைத்திருக்கிறார்கள்.

நான் போவது ஏஏ மீட்டிங். அங்கே இயேசு பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. "அது கிறிஸ்தவம் இல்லையே" என்று சபையில் சிலர் முகம் சுளித்தார்கள். 1935-ல் அமெரிக்காவில் ஏக்ரன் ஊரில் அது தொடங்கியபோது, தொடங்கிய 2 பேருமே ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். அந்தக் கூட்டத்தை நடத்தியவர் ஃபிராங்க் புக்மன் என்ற லூத்தரன் போதகர். குற்றத்தை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வது அங்கிருந்து வந்த பழக்கம். ஆகவே நான் இரண்டுக்கும் போகிறேன், ஞாயிறு சபைக்கு, வாரத்தில் 2 நாள் மீட்டிங்குக்கு.

முதல் 4 கட்டமும் கடகடவென்று வந்துவிடும். அடுத்தவன் செய்ததை எழுத யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

ஐந்தாவது கட்டம்: இங்கேதான் விழுந்தேன்

ஏஏ தொடங்கிய 2 பேரில் பில் வில்சன் நியூயார்க்கில் பங்குச் சந்தையில் இருந்தவர். அதனாலோ என்னவோ, 1939-ல் வந்த அவர்கள் புத்தகத்தில் நாலாம் படியைக் கடையில் சரக்கு இருப்பு எடுப்பதோடு ஒப்பிட்டிருப்பார்கள். நான் 12 வருஷம் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதியவன். எனக்கு அது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அண்ணாச்சிதான் கேட்டார்: "மார்ச் 31-க்கு ஸ்டாக் எடுக்கிறப்ப எப்படி எடுப்ப? குத்துமதிப்பாவா?"

கடையில் அரை இஞ்ச் எல்போ எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் கடைப்பையன் "3 பெட்டி இருக்கும்ணே" என்பான். ஏணி போட்டு ஏறி இறக்கிப் பார்த்தால் 2 பெட்டி நிறைய, மூன்றாவதில் 14 உருப்படி, அதில் 5 உடைசல். "3 பெட்டி இருக்கும்" என்பது பொய் இல்லை. ஆனால் அதை வைத்துக் கணக்கு முடிக்க முடியாது. "நான் பாவி" என்பதும் அதே ரகம்.

என் நோட்டில் இருந்து ஒரு வரி காட்டுகிறேன்.

யார்: பெரிய அண்ணன். என்ன நடந்தது: 2016 கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனான். எனக்குள்: அவமானம். கெட்டது: அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் பங்கு, முதல் தடவை எழுதியது: "என் கோபமும் பெருமையும். நான் பாவி."

அண்ணாச்சி கேட்டது 3 கேள்விதான். அன்றைக்கு எவ்வளவு? எந்தக் காசு? பக்கத்தில் யார்?

திரும்ப எழுதியது: "விடிகாலை ஆராதனைக்கு முன்னால் ஒரு குவார்ட்டர். முந்தின நாள் அம்மா கேக் வாங்கக் கொடுத்த 500 ரூபாயில் வாங்கியது. கேக் தீர்ந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். என் மகன் தனியாகப் பாடிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று கைதட்டினேன். அவன் பாட்டை நிறுத்திவிட்டான். அண்ணன் இழுக்கவில்லை. தோளில் கைபோட்டுத்தான் கூட்டிப்போனான். கையை உதறியது நான்."

இதை எழுதி முடித்த அன்று நான் அழவில்லை. சாப்பிடவும் முடியவில்லை. இரண்டு வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒன்று, பட்டியலில் இல்லாத 2 பெயர் புதிதாக வந்துவிட்டது: அம்மா, மகன். இரண்டு, "என்ன நடந்தது" கட்டமே மாறிவிட்டது. 7 வருஷமாக நான் நம்பிக்கொண்டிருந்த சம்பவம் நடக்கவே இல்லை.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் அந்த 3 கேள்வி: எவ்வளவு, எந்தக் காசு, பக்கத்தில் யார். சிகரெட், சூதாட்டம், போனில் பார்க்கும் கண்றாவி எதுவானாலும் இதே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். குணத்தின் பெயரை எழுதினால் (பெருமை, இச்சை, சோம்பல்) அடித்துவிட்டுச் செய்ததை எழுதுங்கள். ஞாபகம் இல்லாவிட்டால் "ஞாபகம் இல்லை" என்று எழுதுங்கள். அதுவும் ஒரு கணக்குதான். நம் ஆட்களுக்கு நிறையவே இருக்கும்.

ஒரு நாளைக்கு 40 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். ராத்திரி 10 மணிக்கு மேல் வேண்டவே வேண்டாம். எழுதும்போது சாகலாம் போல் வந்தால் பேனாவை வைத்துவிட்டு ஒரு ஆளைக் கூப்பிடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். (மேலே சொன்னது 14446. ஒரு எண்தான் வித்தியாசம், பார்த்து அடியுங்கள்.)

நல்லதையும் எழுதச் சொல்வார்கள். எழுதுங்கள். எனக்கு அரைப் பக்கம் வந்தது.

வாசித்துக் காட்டுவது

யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. அந்த ஒருவர் யார்? மனைவி வேண்டாம், அது அவள் தலையில் இறக்கிவைப்பது. ஐயரிடம் (சபைப் போதகரிடம்) சொல்வதாக இருந்தால் முதலில் சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னது 2 வாரத்தில் பிரசங்க உதாரணமாக வந்தது. பெயர் சொல்லவில்லைதான், ஆனால் 80 குடும்பம் உள்ள சபையில் பெயர் எதற்கு? கத்தோலிக்கர்களுக்கு இந்த விஷயத்தில் வசதி அதிகம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாது. ஆனால் பூசைக்கு முன்னால் வரிசையில் நின்று சொல்லும் நேரம் போதாது, தனியாக நேரம் கேளுங்கள்.

என் ஓட்டு ஸ்பான்சருக்கு. அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடியில் 4 மணி நேரம் வாசித்தேன். 15 வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்று 31-ஆம் பக்கத்தில் இருந்தது. குரல் நடுங்க வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். "சரி, அடுத்தது" என்றார்.

பின்சேர்க்கை 1

ஒரு சகோதரி எழுதியிருந்தார்: சின்ன வயசில் உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடந்ததை எழுதியபோது ஐந்தாவது கட்டத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் 2 வாரம் உட்கார்ந்திருந்தாராம். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், தப்பு என்னுடையது. அந்த வரியில் உங்கள் பங்கு எதுவும் இல்லை. "என் குற்றம் இல்லை" என்று எழுதிக் கோடு போட்டுவிடுங்கள். அடிவாங்கிய மனைவிகளுக்கும் இதேதான். அப்படிப்பட்ட வரிகளைத் தனியாக எழுத வேண்டாம், இதற்குப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் கூட இருக்கட்டும்.

பின்சேர்க்கை 2

வாசித்து முடித்ததும் நோட்டை எரித்துவிடலாமா என்று 3 பேர் கேட்டுவிட்டார்கள். எரிக்கிற குழுக்கள் உண்டு, சாட்சி சொல்லவும் நன்றாக இருக்கும். நான் வேண்டாம் என்பேன். எட்டாம் படியில் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போட வேண்டும், அந்தப் பெயரெல்லாம் இந்த நோட்டில்தான் இருக்கிறது. அதுவரை வீட்டில் வைக்காமல் ஸ்பான்சரிடம் கொடுத்துவையுங்கள். என் நோட்டு அண்ணாச்சி வீட்டு அரிசி டிரம்முக்கு மேலே இருந்தது.

பின்சேர்க்கை 3

திருவிருந்து (சபையில் அப்பமும் பாத்திரமும் வாங்குவது). "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து" புசிக்கக்கடவன் என்று 1 கொரிந்தியர் 11-ல் வாசித்துவிட்டு, சோதித்ததில் தகுதியே இல்லை என்று 6 மாதமாகப் போகவில்லை என்கிறார் ஒரு தம்பி. அந்த வசனம் சோதித்துப் பார்த்துவிட்டுப் புசி என்றுதான் சொல்கிறது, திரும்ப வாசியுங்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்கள் சபைப் பாத்திரத்தில் இருப்பது வெறும் திராட்சைச் சாறா, ஒயினா? சபைக்குச் சபை மாறும். சனிக்கிழமையே கோயில்பிள்ளையிடம் (கோயில் வேலைகளைக் கவனிப்பவரிடம்) கேட்டுவிடுங்கள். ஒயின் என்றால் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்று ஐயரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நான் சொன்னபோது ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை. பாத்திரம் என்னிடம் வரும்போது நெற்றியில் கைவைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார்.