ஃபின்னிஷ் ஸ்பிட்ஸை ரிங்கில் மதிப்பிடுவது எப்படி? புதிதாகப் பழகும் நடுவர்களுக்கு

ஃபின்னிஷ் ஸ்பிட்ஸ் பறவை வேட்டைக்கான நாய். வேட்டைக்காரருக்கு வெகுதூரம் முன்னால் காட்டுக்குள் ஓடும். கேப்பர்கெய்லி, பிளாக் கிரவுஸ் போன்ற காட்டுக்கோழி வகைப் பறவைகளை மோப்பத்தாலும் காதாலும் கண்டுபிடித்துக் கிளப்பும். பறவை மரத்தில் போய் உட்கார்ந்ததும் அடியில் நின்று குரைக்கத் தொடங்கும். முதலில் மெதுவாகக் குரைத்து, போகப் போக வேகம் கூட்டும். நிமிடத்துக்கு 160 முறை வரை குரைக்கக்கூடிய நாய் இது. பறவையின் கவனம் முழுவதும் கீழே இருக்கும் நாயின் மேல் இருக்க, குரைப்பு வரும் திசையை வைத்து வேட்டைக்காரர் நெருங்குவார். பறவை பறந்துவிட்டால் நாய் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பின்தொடரும்.

நாய்க் கண்காட்சியில் மதிப்பீடு நடக்கும் களமான ரிங்கில் நீங்கள் தொட்டுப் பார்க்கும் ஒவ்வொரு உறுப்பும் இந்த வேலைக்காக அமைந்தது. புதிய நடுவர்களில் பெரும்பாலோர் இந்த இனத்தில் சறுக்குவதற்குக் காரணம் ஒன்றே. ரோமம் கண்ணை நிறைத்துவிடுகிறது, அடியில் இருக்கும் நாயைக் கை தேடுவதில்லை. கீழே உள்ள முறை அந்தப் பிழையைத் தவிர்ப்பதற்காக வரிசைப்படுத்தியது. நிறத்தை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம்.

முன்தயாரிப்பு: மனதில் இருக்க வேண்டிய எண்கள்

பன்னாட்டு நாய்கள் கூட்டமைப்பான எஃப்சிஐ வகைப்பாட்டில் இது 5ஆம் குழு, 2ஆம் பிரிவு, அதாவது நார்டிக் வேட்டை நாய்கள். இனம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆவணமான இனத் தரவரையறையின் எண் 49. ஆணின் சிறந்த உயரம் 47 செ.மீ., பெண்ணுக்கு 42 செ.மீ. இரண்டிலும் 3 செ.மீ. கூடலாம், குறையலாம். எடை ஆணுக்கு 12 முதல் 13 கிலோ, பெண்ணுக்கு 7 முதல் 10 கிலோ.

கணக்குப் போட்டால் 44 செ.மீ. ஆணும் 45 செ.மீ. பெண்ணும் அனுமதிக்கப்பட்டவையே. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் எது ஆண், எது பெண் என்று தலையைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். இந்த இனத்தில் பால் வேறுபாடு உயரத்தைவிட முக்கியம். ஆணின் கழுத்தும் தோளும் அடர்ந்து, தோள் உச்சி (கழுத்து முதுகோடு சேரும் மேடு) தெளிவாகத் தெரியும். பெண் மெலிந்து, சற்று நீண்ட கழுத்தோடு நிற்கும். பெண்ணைப் போலிருக்கும் ஆணுக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், உயர்ந்த இடம் தர யோசியுங்கள்.

நேரத்தையும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாய்க்கும் எழுத்துக் குறிப்பு தர வேண்டிய கண்காட்சியில் மணிக்கு ஏறத்தாழ 20 நாய்கள் என்பது கணக்கு. ஒரு நாய்க்கு மூன்று நிமிடம். தூரத்துப் பார்வைக்கு அரை நிமிடம், தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம், நடைக்கு அரை நிமிடம், குறிப்பு சொல்ல ஒரு நிமிடம் என்று பழகிக்கொண்டால் மாலையில் வரும் நாய்க்கும் காலையில் வந்த நாய்க்குக் கிடைத்த நியாயம் கிடைக்கும்.

படி 1: தூரத்திலிருந்து சதுரத்தைத் தேடுங்கள்

நாயிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். உடல் நீளமும் தோள் உச்சி வரையான உயரமும் சமமாக இருக்க வேண்டும். நீளம் என்பது தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை. இங்கேதான் ரோமம் ஏமாற்றும். மார்பின் முன்னால் புடைத்த ரோமமும் தொடைக்குப் பின்னால் தொங்கும் நீண்ட ரோமமும் சேர்ந்து, சதுரமான நாயையும் நீளமாகக் காட்டிவிடும். சந்தேகம் வந்தால் உடனே முடிவெடுக்காமல், தொட்டுப் பார்க்கும்போது அந்த இரண்டு எலும்பு முனைகளையும் விரலால் தேடி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து மார்பின் ஆழம். அது மொத்த உயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதாவது தரைக்கும் மார்புக்கும் இடையே தெரியும் காலின் நீளம், உடலின் ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டி நாள் முழுக்க ஓடும் நாய்க்குக் குட்டைக் கால் ஒத்துவராது. மார்புக்கு அடியில் ரோமம் தொங்கினால் கால் குட்டையாகத் தெரியும். இதையும் கைதான் சொல்ல வேண்டும்.

படி 2: அணுகும் விதம்

நேர் எதிரே போய்க் குனிந்து, கண்ணுக்குக் கண் பார்த்துக் கையை நீட்டாதீர்கள். சற்றுப் பக்கவாட்டிலிருந்து போய், கையை மோந்து பார்க்க விட்டு, பிறகு தொடுங்கள். அந்நியரிடம் சற்று ஒதுங்கியிருப்பது இந்த இனத்தின் குணம் என்று தரவரையறையே ஏற்கிறது. ஓர் அடி பின்வாங்குவதும் தலையைத் திருப்பிக்கொள்வதும் குறையல்ல. பல்லைக் காட்டி உறுமினால், கடிக்கப் பாய்ந்தால் தகுதிநீக்கம். இதில் இரக்கத்துக்கு இடமில்லை. தொடவே விடாமல் திமிறினால் 'மதிப்பிட இயலாது' என்று எழுதுங்கள். இரண்டும் வெவ்வேறு முடிவுகள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாய் ரிங்கில் குரைத்தால்? குரைப்பது அதன் தொழில். உங்களுக்கு எரிச்சலாக இருக்கலாம், ஆனால் அதற்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது.

படி 3: தலை

முகவாய் (கண்ணுக்கு முன்னால் நீண்டிருக்கும் மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி) நீளத்துக்கும் மண்டை நீளத்துக்கும் விகிதம் ஏறத்தாழ 3:4. நெற்றியும் முகவாயும் சேரும் பள்ளம் மிக ஆழமாக இருக்கக் கூடாது. கண் நடுத்தர அளவில், பாதாம் வடிவில், சற்றே சாய்ந்து, கருமையாக இருப்பது நல்லது. வட்டக் கண் வந்துவிட்டால் முகபாவமே மாறிவிடும். உதடு மெல்லியது, இறுக்கமாக மூடியது, கறுப்பு விளிம்பு உடையது. தொங்கும் சதை எங்கும் வேண்டாம்.

காது உயரத்தில் அமைந்து, நிமிர்ந்து, கூர்மையாக, ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். நீங்கள் கை வைக்கும்போது காது பின்னால் மடங்கினால் அதைக் குறிக்காதீர்கள். கையை எடுத்துவிட்டு, ஒரு காகிதத்தை மெல்லக் கசக்கிச் சத்தம் கொடுத்துப் பாருங்கள். காது உடனே எழுந்து முன்னால் திரும்பினால் போதும். பக்கவாட்டில் விரிந்து நிற்கும் காதும் நுனி தளர்ந்த காதும்தான் உண்மையான குறைகள்.

பல்லைக் கையாளுபவரே திறந்து காட்டட்டும். ஒரு நாயின் வாயிலிருந்து அடுத்த நாய்க்கு நோய் பரவாமல் இருக்கவும் அது உதவும். மேல்வரிசை வெட்டுப்பற்களின் உள்பக்கத்தைக் கீழ்வரிசை ஒட்டி உரசும் கத்தரிக்கோல் கடி வேண்டும். பிறகு இரு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லி, கடைவாய் முன்பற்களில் விடுபட்டது உண்டா என்று எண்ணுங்கள்.

படி 4: கையால் உடலைப் படியுங்கள்

ஒரு கையைத் தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்பில் வையுங்கள், மறு கையை முழங்கை முனையில் வையுங்கள். மேல் விளிம்பிலிருந்து இறக்கிய செங்குத்துக் கோட்டுக்கு முன்னால் முழங்கை வருவது இந்த இனத்துக்குச் சரி. முழங்கை மிகையாக முன்னால் தள்ளியிருந்தால் மேற்கை எலும்பு செங்குத்தாக நிற்கிறது என்று பொருள். அந்த நாய் நடையில் முன்காலை நீட்டாமல் குறுக்கும், இதைப் படி 6இல் பார்ப்பீர்கள். மேற்கை எலும்பு தோள்பட்டை எலும்பைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பது இந்த இனத்துக்கு இயல்பு, அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

மார்பின் அடிக்கோடு ஏறக்குறைய முழங்கை வரை எட்ட வேண்டும். விலா எலும்பு லேசாக வளைந்தது. பீப்பாய் போல் உருண்டால் முழங்கை வெளியே தள்ளும். முதுகு குட்டையாக, மட்டமாக, தசையோடு இருக்க வேண்டும். உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள், தொய்யக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் தொடைக்கும் இடையேயான இடுப்பும் குட்டை. நீளமாகத் தெரிந்த நாயில் நீளம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால் பெரும்பாலும் இங்கேதான் அகப்படும்.

பின்னங்கால் மூட்டுகளின் மடிப்பு நடுத்தரம். முன்கால் பாதம் வட்டம். ஆண் நாயில் இரண்டு விரைகளும் விரைப்பைக்குள் முழுமையாக இறங்கியிருக்கின்றனவா என்று தொட்டே பாருங்கள், கையாளுபவர் சொல்லை நம்பி விட்டுவிடாதீர்கள்.

வாலை மென்மையாகப் பிரித்து நீட்டுங்கள். நீட்டினால் பொதுவாகக் குதிமூட்டு வரை வரும். அடியிலிருந்து நுனி வரை விரலை ஓட்டி, எங்காவது எலும்பு முறுக்கி நிற்கிறதா என்று பாருங்கள். விட்டதும் அது அடியிலிருந்தே முன்னோக்கி வளைந்து, முதுகை ஒட்டி, பின் கீழும் பின்னுமாக இறங்கித் தொடைமேல் அழுந்த வேண்டும். நுனி தொடையின் நடுவில் நிற்கும். இரட்டைச் சுருளாகச் சுற்றிய வாலும் தளர்ந்து தொங்கும் வாலும் இரண்டுமே குறை.

படி 5: ரோமம், பிறகு நிறம்

கழுத்திலும் முதுகிலும் ரோமத்தைத் தலை நோக்கித் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். விறைப்பான மேல்ரோமம் தானாகத் தன் நிலைக்குத் திரும்பும். சரிந்து படுத்தே கிடந்தால் மென்மை, அதாவது மழையிலும் பனியிலும் ஈரம் தோல் வரை இறங்கும். அடிரோமம் குட்டை, மிருது, அடர்த்தி, நிறம் வெளிறியது. தலையிலும் கால்களின் முன்பக்கத்திலும் ரோமம் குட்டையாக ஒட்டிக் கிடக்கும்.

ரோமம் உதிர்த்த நாயையும் தரமில்லாத ரோமமுள்ள நாயையும் பிரித்தறியப் பழகுங்கள். குட்டி ஈன்ற பெண் நாய் சில மாதங்களில் மெலிந்த ரோமத்தோடு வரும். மேல்ரோமத்தின் விறைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 'இன்று ரோமம் நிறைவாக இல்லை' என்று குறிப்பில் எழுதி இடத்தில் மட்டும் இறக்கலாம், இனத்துக்கே பொருந்தாதது என்று சொல்லக் கூடாது. நேர்மாறாக, பந்து போல் புசுபுசுவென்று நிற்கும் அளவு மீறிய ரோமமும் குறைதான். காட்சி ரிங்குகளில் இதற்குக் கைதட்டல் கிடைக்கிறது, காட்டில் முள்ளும் பனிக்கட்டியும்தான் அதில் ஒட்டும். விரலில் பிசுபிசுப்போ பொடியோ ஒட்டினால், தொடை ரோமம் கத்தரியால் சீராக வெட்டியது போலிருந்தால் கவனியுங்கள். இந்த நாயை வடிவத்துக்காக வெட்டுவதில்லை.

நிறத்தை இயற்கை வெளிச்சத்தில் பாருங்கள். மண்டபத்துக்குள் மஞ்சள் விளக்கு எரிந்தால் மங்கலான நாயும் பொன்னாகத் தெரியும். முதுகு செம்பழுப்பு அல்லது பொன்பழுப்பு, பளிச்சென்று. காதின் உள்ளே, கன்னம், மார்பு, வயிறு, தொடையின் பின்பக்கம், வாலடி ஆகிய இடங்களில் வெளிறும். அடர்ந்த சிவப்பா, வெளிர் பொன்னா என்பது உங்கள் விருப்பு வெறுப்புக்குரியதல்ல, தெளிவும் பளபளப்பும்தான் கணக்கு. மார்பில் வெள்ளைக் கீற்றும் பாதத்தில் சிறு வெள்ளையும் அனுமதி. உதட்டோரக் கறுப்பு ரோமமும் முதுகில் அங்கங்கே கறுப்பு நுனியும் அப்படியே. குட்டிகள் கருமை கலந்துதான் பிறக்கின்றன, வளர வளரத் தெளியும். ஆகவே குட்டிகள் பிரிவில் கறுப்பு கலந்த முதுகைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்த இனத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலப்பால் இந்த நாய் மறையும் நிலைக்கு வந்தபோது, ஹியூகோ ரூஸ், ஹியூகோ சாண்ட்பெர்க் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்த் தூய வகை நாய்களைத் தேடியெடுத்தார்கள். முதல் தரவரையறை 1892இல் வந்தது. 1979இல் இது ஃபின்லாந்தின் தேசிய நாய் ஆனது.

படி 6: நடை

தளர்ந்த கயிற்றில், நேராகப் போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள், பிறகு ஒரு சுற்று. கயிறு இறுகினால் முன்கால் தூக்கப்பட்டுப் பொய் நடை வரும், நிறுத்தித் தளர்த்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. டிராட் நடை (மெதுவான ஓட்டம்) லேசாக, சிரமமின்றி இருக்க வேண்டும். கால்கள் இணையாக நகர வேண்டும். வேகம் கூட்டினால் எளிதாகப் பாய்ச்சலுக்கு மாறிவிடும், அதுதான் இதன் இயல்பான ஓட்டம் என்பதால் அதைக் குறையாக எழுதாதீர்கள். மறுபடி மெதுவாக ஓடச் சொன்னால் போதும்.

ஜெர்மன் ஷெப்பர்டைப் பார்த்துப் பழகிய கண் இங்கே தவறும். அதீத வீச்சை எதிர்பார்க்காதீர்கள். நடுத்தர மடிப்புள்ள சதுர உடலுக்கு அளவான அடிதான் வரும். பின்னங்கால் மடிப்பு மிகையாக இருந்து முன்கால் செங்குத்தாக இருந்தால், பின்கால் தள்ளும் வேகத்துக்கு முன்கால் இடம் தராது. நாய் முன்காலை வீணாக உயர்த்தும், அல்லது பக்கவாட்டில் வளைந்து ஓடும்.

படி 7: தரம் சொல்வது

எஃப்சிஐ முறையில் தரங்கள்: மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று, போதுமானது, தகுதிநீக்கம், மதிப்பிட இயலாது. ஃபின்லாந்தில் முதல் நான்குக்கும் வரிசையாகச் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை நாடா. தாடை ஒழுங்கின்மை, விரை குறைபாடு, இனத்துக்கு மாறான நிறமோ ரோம அமைப்போ இருந்தால் தகுதிநீக்கம். நொண்டினால், நடக்கவே மறுத்தால் மதிப்பிட இயலாது. மற்றக் குறைகளை, அவை நாயின் உடல்நலத்தையும் காட்டில் வேலை செய்யும் திறனையும் எவ்வளவு பாதிக்கின்றன என்பதை வைத்து எடைபோடுங்கள். ஒரு பாதத்தில் சற்று மிகுந்த வெள்ளையைவிடத் தொய்ந்த முதுகு பெரிய குறை.

வேலைப் பிரிவில் வரும் நாய்கள் வேட்டைச் சோதனையில் தேறிய சான்று வைத்திருப்பவை. ஒல்லியாக, தசை இறுகி, தழும்போடு வரலாம். வேலையில் பட்ட காயத் தழும்புக்குத் தண்டனை கிடையாது.

படி 8: குறிப்பு சொல்வது

ரிங் செயலர் எழுதும் வேகத்துக்குச் சொல்லுங்கள். எப்போதும் ஒரே வரிசை: மொத்தத் தோற்றம், தலை, காது, கழுத்து, முதுகு, முன்பக்கம், மார்பு, பின்பக்கம், வால், ரோமம், நிறம், நடை, குணம். 'நல்ல தலை' என்றால் உரிமையாளருக்கு ஒன்றும் விளங்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

'இரண்டு வயது ஆண். அளவு சரி, உடல் சதுரம். ஆண்மைத் தோற்றமுள்ள தலை, முகவாய் சற்றே குட்டை. கருமையான பாதாம் கண். காது சுறுசுறுப்பு. முதுகு மட்டம். மேற்கை எலும்பு செங்குத்து, அதனால் முன்கால் வீச்சு குறைவு. பின்பக்கம் அளவான மடிப்பு. வால் நன்கு வளைந்து தொடையை ஒட்டியது. மேல்ரோமம் விறைப்பு, நிறம் தெளிவான பொன்பழுப்பு. தன்னம்பிக்கையோடு நடந்துகொண்டது. மிக நன்று.'

முடிவில் தரத்துக்கும் குறிப்புக்கும் பொருத்தம் உண்டா என்று பாருங்கள். நான்கு குறைகளை எழுதிவிட்டு 'மிகச் சிறப்பு' கொடுத்தால் ரிங்குக்கு வெளியே யாரும் ஏற்க மாட்டார்கள். தரம் பெற்ற நாய்களிலிருந்து நான்கு இடங்களை நிரப்பும்போது இரண்டு நாய்கள் சமமாக நின்றால், இன்னொரு முறை சேர்ந்து ஓடவிட்டு, ஓட்டம் முடிந்து நின்றதும் அவற்றின் காதையும் கண்ணையும் கவனியுங்கள். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே எது இன்னும் சுற்றிலும் ஒலி தேடிக்கொண்டிருக்கிறதோ அதை முதலில் நிறுத்துங்கள்.